ஏமாற்று உண்டு, குற்றம் இல்லை

டெல்லியில் பெண் டாக்டர் ஒருவர் 1953இல் பழைய ஆஸ்டின் கார் ஒன்றை வாங்கினார். பணம் அவருடையது. வாங்கியது ஆறு மாதக் கைக்குழந்தையான மகளின் பெயரில். இன்ஷூரன்சும் அதே பெயருக்கு மாறியது. கார் விபத்துக்குள்ளாகி இழப்பீடு கேட்டபோது, மகளின் பெயரையே கையெழுத்தாகப் போட்டுப் பணம் பெற்றார். போர்ஜரி என்று வழக்கு வந்தது. உயர் நீதிமன்றம் தண்டனையும் விதித்தது.

கையெழுத்து பொய்தான். ஆனால் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டப்படி பொய் மட்டுமே போர்ஜரி ஆகிவிடாது. அது ‘டிஸ்ஹானஸ்ட்லி’யாகவோ ‘ஃப்ராடுலன்ட்லி’யாகவோ செய்யப்பட்டிருக்க வேண்டும். பேச்சு வழக்கில் இந்த இரண்டு ஆங்கில வினையடைகளும் ஒன்றுதான். நம் ஊரில் இரண்டுமே ‘ஏமாற்று வேலை’. சட்டம் அப்படி விடவில்லை. 24ஆம் பிரிவில் ஒன்றுக்கும், 25இல் மற்றதற்கும் தனித்தனி விளக்கம்.

முதலாவது சொத்து சம்பந்தப்பட்டது. ஒருவருக்கு முறையற்ற லாபமோ மற்றவருக்கு முறையற்ற நஷ்டமோ உண்டாக்கும் எண்ணம் போதும். யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. பஸ்சில் பர்ஸ் அடிப்பவன் எவரிடமும் பொய் சொல்வதில்லை. ஆனாலும் அவன் எடுப்பது ‘டிஸ்ஹானஸ்ட்லி’. இரண்டாவது சொல்லுக்கு வந்ததும் சட்டம் கொஞ்சம் நழுவுகிறது: ‘டிஃப்ராட்’ செய்யும் எண்ணத்தோடு செய்தால் ‘ஃப்ராடுலன்ட்லி’யாம். சுக்கு என்றால் என்ன என்று கேட்டவனிடம் காய்ந்த இஞ்சி என்று சொல்லி, இஞ்சியைக் காட்டாமல் போனது போல.

அந்தக் குறையை 1962 நவம்பரில் தீர்த்தது உச்ச நீதிமன்றம். ஏமாற்று, தீங்கு இரண்டும் சேர்ந்தால்தான் ‘டிஃப்ராட்’ என்றார் நீதிபதி சுப்பா ராவ். தீங்கு பணத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உடலுக்கோ மனதுக்கோ மதிப்புக்கோ நேர்ந்தாலும் போதும். போலிச் சான்றிதழ் காட்டி பனாரஸில் சட்ட வகுப்பில் சேரப் பார்த்த மாணவரை 1893இலேயே அலகாபாத் நீதிமன்றம் குற்றவாளி என்றதும் இந்த வழியில்தான்.

டாக்டர் விஷயத்தில் ஏமாற்று இருந்தது. ஆனால் சொந்தப் பெயரில் கேட்டிருந்தாலும் கம்பெனி அதே தொகையைத்தான் கொடுத்திருக்கும். அவருக்கு ஆதாயமில்லை, கம்பெனிக்கு நஷ்டமில்லை. ஆக, இரண்டு சொல்லும் பொருந்தவில்லை. விடுதலையானார்.

2024 ஜூலை 1இல் பழைய சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பிரிவு எண்கள் மாறின. இரண்டு வினையடைகளும் அப்படியே இருக்கின்றன. ‘டிஃப்ராட்’டுக்கு மட்டும் இந்தச் சட்டத்திலும் விளக்கம் இல்லை. அதற்கு வக்கீல்கள் அந்த ஆஸ்டின் கார் வழக்கைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.