கேட்காமலே வரும் செய்தி

பசறைப் பக்கம் அடைமழை பிடித்துக்கொண்டால் தோட்டங்களில் மண்சரிவுப் பயம்தான். இதே பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து, தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியதை யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழையை வைத்து எச்சரிக்கிறது: 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார்நிலை, 150 தாண்டினால் வெளியேற்றம்.

இந்த மழை அளவை ஒரு இணையப் பக்கத்தில் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். மழைமானி அனுப்பிய எண் சர்வருக்கு வந்துவிட்டது. ஆனால் பிரவுசர் கேட்டால்தான் சர்வர் பதில் சொல்லும். தானாக வாய் திறக்காது. இணையப் பக்கங்களின் முறை அப்படித்தான் பிறந்தது. தபால் வந்ததா என்று நிமிடத்துக்கொரு தடவை கந்தோருக்கு ஓடுவதுபோல, பிரவுசர் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஆயிரம் போன்கள் கேட்டால், "புதிதாக ஒன்றுமில்லை" என்று சொல்வதிலேயே சர்வர் களைத்துப்போகும்.

இதற்கு வழி செய்தது வெப்சொக்கெட். 2011 டிசம்பரில் அது இணையத் தரமாக வெளியானது. பிரவுசர் வழக்கமான கோரிக்கையோடு, "இனி வெப்சொக்கெட்டில் பேசலாமா?" என்றும் கேட்கிறது. சர்வர் 101 என்ற எண்ணோடு சம்மதம் சொல்கிறது. அதன்பின் அந்த இணைப்பு மூடப்படுவதில்லை. இரு பக்கமும் நினைத்த நேரத்தில் பேசலாம். செலவும் சொற்பம். "பசறை 150" என்ற செய்தியைப் பாருங்கள். யுனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ப, ச, ற, ஐகாரக் குறி நான்கும் தலா 3 பைட். இடைவெளியும் இலக்கங்களும் 4. மொத்தம் 16 பைட். சர்வர் அதற்குப் போடும் வெப்சொக்கெட் தலைப்பு வெறும் 2 பைட்.

ஆபத்து ஒன்று உண்டு. மலை மடிப்பில் சிக்னல் அறுந்தால், செய்தி இல்லாத அமைதியும் இணைப்பு செத்த அமைதியும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் சர்வர் அவ்வப்போது "பிங்" அனுப்பும். பிரவுசர் "பொங்" என்று பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் சர்வர் அந்த இணைப்பை விட்டுவிடலாம். பக்கமோ மறுபடி இணைந்து, தவறவிட்டதைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த வேலையை எழுதி வைப்பது பக்கத்தைச் செய்பவரின் பொறுப்பு.

எனவே இத்தகைய பக்கங்களைச் செய்யும் இளைஞர்களே, மழை அளவுக்குப் பக்கத்தில் அது வந்த நேரத்தையும் போடுங்கள். பழைய எண்ணை நம்பி ஒரு குடும்பம் லயனில் தங்கிவிடக் கூடாது. திரை அணைந்த போனில் பிரவுசர் உறங்கிவிடும் என்பதால், குறுஞ்செய்தியும் ஒலிபெருக்கியும் கட்டாயம் வேண்டும். தோட்டங்களில் வாழ்பவர்களே, நிலம் வெடித்தாலோ, ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ, எந்தச் செய்திக்கும் காத்திருக்காமல் வெளியேறுங்கள்.