உஷார்! கழுத்தில் கை வைத்துவிட்டானா?

‘இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடு’ என்று மகளிடம்தான் சொல்கிறோம், மகனிடம் சொல்வதில்லை. உலகில் கொலையாகிறவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள்; அவர்களுக்குப் பெரும்பாலும் வெளியில்தான் ஆபத்து. பெண்ணுக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2023-ல் கொலையான பெண்கள், சிறுமிகளில் 60 சதவீதம் பேரைக் கொன்றது கணவனோ காதலனோ உறவினரோதான் என்கிறது ஐ.நா. ஆண்களில் அது ஏறத்தாழ 12 சதவீதம்.

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருப்பதாக 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. எல்லா அடியும் தப்புதான். ஆனால் ஓர் அடையாளத்தைப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்: கழுத்தை நெரிப்பது.

‘கோபத்துல குரல்வளையைப் பிடிச்சார், உடனே விட்டுட்டார்’ என்பாள் மகள். ‘ஒரு காயமும் காணோமே, அனுசரிச்சுப் போம்மா’ என்று அம்மாவே திருப்பி அனுப்புவாள். அனுப்பாதீர்கள், தயவுசெய்து! 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி, துணைவன் ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால், பின்னாளில் அவனாலேயே அவள் கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல்.

தோலில் தடமே இல்லாமல் இருக்கலாம். குரல் கம்மியிருக்கிறதா, எச்சில் விழுங்க வலிக்கிறதா, கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா, அந்த நேரத்தில் தன்னையறியாமல் சிறுநீர் போனதா என்று கேளுங்கள். கழுத்து ரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லக் கூடாது. ‘கழுத்தை நெரித்தார்’ என்று டாக்டரிடம் சொல்லி எழுதவைக்க வேண்டும். பின்னால் வழக்குக்கு அந்தச் சீட்டுதான் பலம்.

பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தால் இரவு பகலாக எடுப்பார்கள். உயிருக்கே ஆபத்தென்றால் அவசர எண் 112. வீடு கணவன் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருந்தாலும், இஷ்டத்துக்கு வெளியே தள்ள 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் விடாது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம்.

இன்னொன்று, இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பிரிந்து போகிற நேரம்தான் மிக ஆபத்தானது. ‘நான் போகிறேன்’ என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டாம். ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ், பாஸ்புக், கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் முன்கூட்டியே நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைத்துவிட்டு, அவன் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிள்ளைகளோடு கிளம்புங்கள்.