பட்டியலில் பெயர் வந்தால் பரிந்துரை ஆகிவிடுமா?

ஜனவரி மாதம் பொங்கலோடு சேர்ந்து இன்னொன்றும் நம் வீடுகளுக்கு வந்துவிடுகிறது. 'ஆஸ்கார் போட்டியில் தமிழ்ப் படம்! தமிழனாக இருந்தால் பகிரவும்' என்ற புலனச் செய்திதான் அது. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பவரும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கடை திறப்பவரும் ஒரே நாளில் அதைப் பார்த்துவிடுகிறார்கள். மறுநாள் காலை வானொலியில் அதுதான் பேச்சு. பிப்ரவரி, மார்ச்சுக்குள் அந்தப் பேச்சு சத்தமில்லாமல் அடங்கிவிடும்.

2021இல் சூரரைப் போற்று, 2022இல் ஜெய் பீம், 2025இல் கங்குவா. மூன்றும் சூர்யா நடித்த படங்கள் என்பது தற்செயல். மூன்றும் இடம்பெற்றது ஒரே வகையான பட்டியல் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆஸ்கார் விருதை வழங்கும் அகாடமி, ஆண்டுதோறும் போட்டிக்குத் தகுதியான படங்களின் பெயர்களை வெளியிடுகிறது. அமெரிக்காவின் குறிப்பிட்ட நகரங்களில் ஒன்றில் திரையிடப்பட்டு, விண்ணப்பம் முறையாகப் போய்ச் சேர்ந்து, மற்ற விதிகளும் நிறைவேறியிருந்தால் படத்தின் பெயர் அதில் வரும். 2021இல் அந்தப் பட்டியலில் 366 படங்கள் இருந்தன. 2022இல் 276, 2025இல் 323. எஸ்.பி.எம். தேர்வுக்குப் பதிந்த மாணவர்களின் பெயர்ப் பட்டியலைப் போன்றது இது. அதில் மகன் பெயர் இருக்கிறது என்பதற்காக யாரும் 'பத்து ஏ' என்று கேக் வெட்டுவதில்லை. பரிந்துரை என்பது அடுத்த கட்டம். சிறந்த படப் பிரிவில் அந்த நிலைக்குப் போவது பத்தே படங்கள்.

ஓர் இரவு, ஒரு டுவிட்டர் பதிவு

ஜெய் பீம் விஷயத்தில் நம் நம்பிக்கை எல்லை கடந்ததற்குக் காரணம் இருந்தது. பரிந்துரைகள் அறிவிக்கப்படுவதற்குச் சற்று முன்பு, ரோட்டன் டொமேட்டோஸ் தளத்தின் ஆசிரியர்களில் ஒருவரான ஜாக்குலின் கோலி, சிறந்த படத்துக்கான பரிந்துரையில் ஜெய் பீம் வரும், தன்னை நம்பலாம் என்ற பொருளில் டுவிட்டரில் எழுதினார். அவ்வளவுதான். அது கணிப்பு என்பதே மறந்துபோய், உறுதியான செய்தியாக ஊரெல்லாம் பரவியது.

2022 பிப்ரவரி 8ஆம் தேதி, நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்கு மேல் அறிவிப்பு வந்தது. பத்துப் படங்களில் ஜெய் பீம் இல்லை. ஆனால் ஆங்கிலம் அல்லாத ஒரு படம் இருந்தது. ஜப்பானியப் படமான டிரைவ் மை கார் அது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணிப்பு எப்படி வேலை செய்கிறது என்பது புரியும். டிரைவ் மை கார், அறிவிப்புக்கு முன்பே நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் விமர்சகர் சங்கங்களின் சிறந்த பட விருதுகளை வாங்கியிருந்தது. ஆஸ்காருக்கு வாக்களிப்பவர்கள் அகாடமியின் உறுப்பினர்கள். அவர்களில் பலர் தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர் சங்கங்களிலும் இருப்பவர்கள். அதனால் அந்தச் சங்கங்களும் விமர்சகர்களும் எந்தப் படத்தைப் பேசுகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் கணிப்பவர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஜெய் பீம் அந்தக் கணக்குகளில் எங்குமே இல்லை. நம்மிடம் இருந்தது ஆசை, அவர்களிடம் இருந்தது கணக்கு.

இதனால் ஜெய் பீமின் மதிப்பு குறைந்துவிடுமா? நிச்சயமாக இல்லை. 1993இல் காவல் நிலையத்தில் நடந்த ஒரு கொடுமையையும், அதற்காக வழக்கறிஞராக வாதாடிய சந்துருவையும் அடிப்படையாகக் கொண்ட அந்தப் படம், இருளர் என்ற பெயரையே கேட்டிராத நம் பிள்ளைகளை யோசிக்க வைத்தது. பரிந்துரை வராததால் அந்த யோசனை பொய்யாகிவிடாது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அதே ஆண்டு ஆஸ்காருக்கு இந்தியா அதிகாரபூர்வமாக அனுப்பிய படமும் ஒரு தமிழ்ப் படம்தான். பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கிய கூழாங்கல். கொளுத்தும் வெயிலில் ஒரு குடிகார அப்பாவும் மகனும் நடக்கும் நடைதான் கதை. 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய படம் அது. 2021 டிசம்பரில் வெளியான பதினைந்து படக் குறும்பட்டியலில் அது இல்லை. அதற்காக வருத்தப்பட்டவர்களை நம் வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணலாம். உண்மையாகவே களத்தில் நின்ற படத்தைப் பற்றி மௌனம், தகுதிப் பட்டியலில் பெயர் வந்த படத்துக்கு மேளதாளம்!

யாரும் எதிர்பார்க்காத மார்ச்

2023இல் கணிப்புகள் இன்னும் வேடிக்கையாகத் தடம் மாறின. ஆர்.ஆர்.ஆர். படத்தைத்தான் இந்தியா அனுப்பும் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். போனது செல்லோ ஷோ என்ற குஜராத்திப் படம். அது குறும்பட்டியல் வரை சென்று, பரிந்துரையில் நின்றுபோனது. தனியாக விண்ணப்பித்த ஆர்.ஆர்.ஆர்., பாடல் பிரிவில் மட்டும் பரிந்துரை பெற்று 'நாட்டு நாட்டு' பாடலுக்கு விருது வாங்கியது.

அதே மேடையில், நம் ஈப்போவில் பிறந்த மிஷேல் இயோ சிறந்த நடிகையானார். முதுமலையில் யானைக் குட்டிகளை வளர்க்கும் பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ், சிறந்த குறும் ஆவணப்பட விருதை வென்றது. கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கிய அந்தப் படத்தில் மனிதர்கள் பேசுவது தமிழ். விருதுக்கு முன்பு அந்தப் பெயரைச் சொன்ன ஒரு புலனச் செய்திகூட என் கைப்பேசிக்கு வந்ததில்லை. நாம் தேடிய இடம் ஒன்று, தமிழ் ஒலித்த இடம் வேறொன்று.

நம் வீட்டுப் பட்டியல்

லாஸ் ஏஞ்சல்ஸ் போகட்டும், கோலாலம்பூருக்கு வருவோம். 2016 ஆகஸ்டில் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவின் பரிந்துரைகள் வெளியானபோது, யார் வெல்வார் என்ற கேள்வியே பின்னுக்குப் போனது. முக்கியப் பிரிவுகள் மொழி வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ஜகாட், சியூ கெங் குவான் இயக்கிய ஓலா போலா ஆகிய படங்கள் மலாய் மொழி அல்லாத படங்களுக்கான பிரிவுக்குத் தள்ளப்பட்டன.

மலாயில் கெட்டவன் என்று பொருள்படும் 'ஜஹாட்' நம்மவர் வாயில் 'ஜகாட்' ஆன கதை நமக்குத் தெரியும். தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் குடும்பம், அங்கே வளரும் அப்போய் என்ற சுட்டிப் பையன், அவனை மெல்ல இழுக்கும் குண்டர் கும்பல் என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தை அந்தப் படம் காட்டியது. இதைவிட மலேசியக் கதை எது? ஓலா போலாவோ எல்லா இனத்தவரும் ஒன்றாக ஆடிய காற்பந்துக் குழுவின் கதை. அதையும் 'வேறு' என்று ஒதுக்கியதுதான் பலரைச் சுட்டது.

எதிர்ப்பு நம்மிடமிருந்து மட்டும் எழவில்லை. ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம், நடிகரும் இயக்குநருமான அஃப்ட்லின் ஷௌகி போன்ற மலாய்க் கலைஞர்கள் வெளிப்படையாக எதிர்த்து நின்றார்கள். ஏற்பாட்டாளர்கள் இறங்கி வந்தார்கள். சிறந்த படப் பிரிவு எல்லா மொழிகளுக்கும் திறக்கப்பட்டது. தேசிய மொழிப் படத்துக்கு எனத் தனி விருது வைக்கப்பட்டது.

செப்டம்பரில் முடிவு வந்தது. சிறந்த மலேசியப் படம், ஜகாட். சஞ்சய் குமார் பெருமாளுக்குப் புதுமுக இயக்குநர் விருதும் கிடைத்தது. முனாஃபிக், ஓலா போலா என்று வசூலில் கொடிகட்டிய படங்கள் வந்த ஆண்டில், சிறிய செலவில் எடுத்த ஒரு தமிழ்ப் படம் அந்த இடத்துக்கு வந்தது. முதலில் வெளியான பட்டியல் அப்படியே இருந்திருந்தால், அந்த நாற்காலி ஜகாட்டுக்குப் போடப்பட்டே இருக்காது.

விருதுக் கணிப்பு என்பது யார் வெல்வார் என்று சொல்வதோடு முடிவதில்லை என்பதை எனக்குக் கற்றுத் தந்தது இந்த நிகழ்வுதான். எந்தப் பிரிவு, யார் வகுத்தது, யாரை வெளியே நிறுத்துகிறது என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பலர் சேர்ந்து கேட்டதால்தான் 2016இல் பட்டியலே மாறியது.

ஜகாட் திரைக்கு வந்தது 2015 டிசம்பர் 17. விருது வந்தது ஏறக்குறைய ஒன்பது மாதம் கழித்து. உள்ளூர்த் தமிழ்ப் படம் ஒன்று திரையரங்கில் நிலைக்குமா என்பது முதல் சில நாள்களில் தீர்ந்துவிடும். விருது வந்த பிறகு தட்டும் கை அந்தக் காட்சி நேரங்களைத் திரும்பக் கொண்டுவராது.

ஆகவே, அடுத்த புலனச் செய்தி வரும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். அது தகுதிப் பட்டியலா, குறும்பட்டியலா, பரிந்துரையா? எந்தப் பிரிவு? அகாடமி சொன்னதா, யாரோ கணித்ததா? பார்த்துவிட்டுப் பகிருங்கள், தவறில்லை. வீட்டில் ஆளுக்கொரு தாளில் கணிப்பு எழுதி, தோற்றவர் தேநீர் வாங்கித் தரட்டும்; அதிலும் தவறில்லை.

ஆனால் அந்தத் தாளின் கடைசி வரியில் ஓர் உள்ளூர்ப் படத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். அது வெளியாகும் வாரத்தில் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். அந்தப் படத்தை எடுத்தவருக்கு அந்த டிக்கெட்டும் அந்தக் கருத்தும் விருதுக்கு முன்பே தேவைப்படுகின்றன.