இயற்கை ஹார்மோன் என்றாலும் எச்சரிக்கை தேவை

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடம்பு திடீரெனத் தகிப்பதும், இரவில் வியர்த்துக் கொட்டுவதும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால்தான். சோயா, காட்டு வள்ளிக்கிழங்கின் சத்திலிருந்து தயாராகும், உடம்பில் சுரப்பதை அப்படியே ஒத்த ஹார்மோன்கள் இதற்கு நல்ல பலன் தருகின்றன. ஆனால் இயற்கைதானே என்று தாமாகவே வாங்கிச் சாப்பிடக் கூடாது.

கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் அதன் உட்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரக்கூடும். புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் கண்டவர்களுக்கு இச்சிகிச்சை பொதுவாக ஏற்றதல்ல. மாதவிடாய் நின்ற 10 ஆண்டுகளுக்குள், 60 வயதுக்கு முன் தொடங்குவதே நல்லது. மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல்லில் ரத்தம் உறையும் அபாயம் குறைவு.

மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்துச் சிறிது உதிரம் பட்டாலும் உடனே டாக்டரிடம் செல்லுங்கள். வெளி மாநிலத்தில் மொழி தெரியவில்லை என்று கூச்சப்பட்டு நாள் கடத்தாதீர்கள். மொழி தெரிந்த பெண்மணி ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள்.