மீன்தொட்டி விளக்கால் அறை சூடாகிறதா? என்ன செய்யலாம்?

இரவு 10 மணி. ஏர்கானை 25 டிகிரி செல்சியஸில் வைத்துவிட்டுப் படுக்கிறீர்கள். அரை மணி நேரம் ஆச்சு, அறை இன்னும் புழுக்கமாவே இருக்கு.

ஏர்கான் சர்வீஸுக்கு ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால், அறை மூலையில் இருக்கும் மீன்தொட்டியைக் கொஞ்சம் பாருங்கள். அதன்மேல் பளிச்சென்று எரியும் விளக்கும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விளக்கு அவ்வளவு சூட்டையா தரும்?

விளக்கு இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகவே அறைக்குள் சேர்கிறது. வெளிச்சமும் அப்படித்தான். தண்ணீர், செடி, சுவர் எல்லாம் அதை உறிஞ்சிக்கொண்டு சூடாகின்றன.

4 அடித் தொட்டிக்கு மேலே 54 வாட் டி5 குழல்விளக்குகள் நான்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 216 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் வெளியிடும் வெப்பம் சுமார் 100 வாட். அப்படியென்றால், உங்கள் படுக்கையறையில் கூடுதலாக 2 பேர் உட்கார்ந்திருப்பது போலத்தான்!

அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏர்கானுக்கும் மின்சாரம் வேண்டும். விளக்கு இழுப்பதில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ கூடுதலாகச் செலவாகும்.

எல்இடிக்கு மாறினால் சூடே இருக்காதா?

இருக்கும். 100 வாட் எல்இடியும் 100 வாட் குழல்விளக்கும் அறைக்குத் தரும் வெப்பம் ஒன்றுதான். ஆனால் அதே வெளிச்சத்தை எல்இடி குறைந்த வாட்டில் தந்துவிடும். லாபம் அங்கேதான். அதனால் கடையில் விளக்கு வாங்கும்போது, விலையோடு வாட் எண்ணையும் பாருங்கள்.

216 வாட்டிலிருந்து 100 வாட்டுக்கு இறங்கினால், தினமும் 8 மணி நேரம் என்ற கணக்கில் மாதம் சுமார் 28 கிலோவாட் மணி மிச்சம். ஒரு கிலோவாட் மணிக்கு 30 காசு என்று வைத்தால், ஏறக்குறைய 8 வெள்ளி 40 காசு. ஏர்கானில் மிச்சமாவது தனி.

மீன்களுக்கு என்ன ஆபத்து?

தண்ணீர் சூடாகச் சூடாக, அதில் கரையும் உயிர்வாயு குறைகிறது. நன்னீரில் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் அது சுமார் 7.6 மில்லிகிராம்தான். ஆனால் சூடான தண்ணீரில் மீனுக்கு உயிர்வாயு அதிகம் தேவை.

பிற்பகலில் வீட்டில் யாரும் இல்லை, சன்னல்கள் மூடியிருக்கு, விளக்கு மட்டும் எரியுது. சிங்கப்பூர் வெயிலில் அந்தத் தொட்டி என்னாகும்? மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். பவளம் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெப்பம் அதிகமானால் பவளம் வெளுத்துப்போகும்.

சில்லர் வாங்கிட்டா பிரச்சினை தீர்ந்திடுமா?

தண்ணீரைப் பொறுத்தவரை தீரலாம். அறைக்கு அது தீர்வல்ல. சில்லர் தொட்டியிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அறைக்குள்ளேயே ஊதித் தள்ளும். அது ஓடுவதற்கு இழுக்கும் மின்சாரமும் வெப்பமாக அதோடு சேரும். மூடிய படுக்கையறையில் சில்லரும் ஏர்கானும் ஒன்றோடொன்று போட்டிபோடும். கட்டணம் உங்களுக்கு!

சின்ன மின்விசிறி வைக்கலாமா?

வைக்கலாம். தண்ணீரின் மேற்பரப்பில் காற்றுப் பட்டால் நீர் ஆவியாகும். 1 லிட்டர் நீர் ஆவியாகும்போது, 100 வாட் விளக்கு ஆறரை மணி நேரத்தில் தரும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

ஆனால் அந்த ஈரம் அறைக் காற்றில் கலக்கும். சன்னல் திறந்திருந்தால் வெளியே போய்விடும். ஏர்கான் ஓடும் மூடிய அறையில், அந்த ஈரத்தையும் ஏர்கான்தான் வெளியேற்ற வேண்டும். அதனால் விசிறி வரவேற்பறைத் தொட்டிக்குத்தான் பொருத்தம்.

அப்போ என்னதான் செய்வது?

- நேரத்தைக் குறையுங்கள்: செடி வைத்த பெரும்பாலான தொட்டிகளுக்கு 6 முதல் 8 மணி நேர வெளிச்சம் போதும். அதற்கு மேல் போனால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

- டைமர் பொருத்துங்கள்: ஏர்கானைப் போடுவதற்கு 1 மணி நேரம் முன்பே விளக்கு அணையட்டும். அதுவரை சன்னலைத் திறந்துவையுங்கள்.

- வெளிச்சத்தை மங்கலாக்குங்கள்: விளக்கில் டிம்மர் இருந்தால் பயன்படுத்துங்கள். முழு வெளிச்சம் எல்லாத் தொட்டிக்கும் தேவையில்லை.

- விளக்குக்கு மேலே இடம் விடுங்கள்: எல்இடியின் சூடு பெரும்பாலும் அதன் முதுகுப் பக்கமாக வெளியேறும். மூடிய மரப்பெட்டிக்குள் வைத்தால் அது தண்ணீருக்குத்தான் போகும்.

- இடத்தை மாற்றுங்கள்: தொட்டி ஏர்கானுக்கு நேர்கீழே இருக்க வேண்டாம். சூடான காற்று மேலே போய், ஏர்கானின் வெப்ப உணர்கருவியை ஏமாற்றும். அறை குளிர்ந்த பிறகும் ஏர்கான் ஓய்வெடுக்காது. குளிர்காற்று தொட்டிமேல் நேராகப் பட்டாலும் நல்லதில்லை. இரவில் தண்ணீர் சட்டென்று குளிர்ந்துபோகும்.

- பாதுகாப்பு முக்கியம்: மின்கம்பியைச் செருகுவாய்க்குக் கீழே சற்றுத் தொங்கவிடுங்கள். கம்பி வழியே வழியும் தண்ணீர் செருகுவாய்க்குப் போகாமல் கீழே சொட்டிவிடும்.

தண்ணீர் ரொம்பச் சூடாயிடுச்சா? பதறிப்போய் ஐஸ் கட்டிகளைக் கொட்டாதீர்கள். சூட்டைவிடத் திடீர் மாற்றம் மீன்களை அதிகம் பாதிக்கலாம். முதலில் விளக்கை அணையுங்கள். மூடியைத் திறந்து காற்றுக் குழாயைப் போடுங்கள்.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்பு 2 எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் விளக்கு எத்தனை வாட்? பிற்பகல் 3 மணிக்குத் தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரி? பல வீடுகளில், ஒரு டைமரை வாங்கிப் பொருத்தினாலே போதும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.