புதிய இடத்திற் பாம்பின் இயல்பு

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயின், படையைக் கண்டு பாம்பும் நடுங்கும் என்பதை நம்மிற் பலர் சிந்திப்பதில்லை. இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய மேனாடுகளில் நஞ்சில்லாப் பாம்புகளை இல்லங்களில் வளர்ப்போர் பலர். அவர்கள் பெரிதும் விரும்பி வளர்ப்பனவற்றுள் ஒன்று பந்து மலைப்பாம்பு. அது புதியதோர் இல்லம் புகுந்தவுடன் எவ்வாறு நடந்துகொள்கின்றது, அதன் காரணம் யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இப்பாம்பின் தாயகம் ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியும் நடுப்பகுதியுமாம். கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளினின்று இது பெருந்தொகையாய் ஏற்றுமதி செய்யப்பட்டுள்ளது. பெரும்பாலும் 3 முதல் 5 அடி நீளமே வளரும். பகற்பொழுதை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழித்து, இரவில் இரை தேடும். அச்சம் நேரின், தலையை நடுவில் மறைத்து உடலைப் பந்துபோற் சுருட்டிக்கொள்ளும். இதன் பெயர்க்காரணமும் இதுவே.

பாம்பு தன் சூழலை அறியும் வகை நம்முடையதினும் வேறானது. பிளவுபட்ட நாவினால் நுண்ணிய மணப்பொருள்களைக் கவர்ந்து, வாயின் மேற்புறத்திலுள்ள ஜேக்கப்ஸன் உறுப்பிற் சேர்த்து உணர்கின்றது. புறச்செவி இதற்கில்லை, நிலத்தின் அதிர்ச்சியை உடலால் உணர்கின்றது. உதட்டோரத்துக் குழிகள் வெப்பத்தை அறிவிக்கின்றன. ஆகவே, இடம் மாறுங்கால் பழகிய மணமும் அதிர்ச்சியும் வெப்பமும் ஒருங்கே மாறிவிடுகின்றன. நமக்கு அது புதியதோர் அறை. பாம்பிற்கோ புதியதோர் உலகம்.

இதனால் விளைவன யாவை? முதலாவது, அது நாட்கணக்கில் ஒளிந்தே கிடக்கும். இரண்டாவது, இரையை மறுக்கும். சில வாரங்கள் மறுப்பதும் உண்டு. மூன்றாவது, சில பாம்புகள் ஓய்வின்றி உலாவிக் கண்ணாடிச் சுவரில் மூக்கை உரசும். நான்காவது, கை நீட்டுவோரைச் சீறலும் உண்டு. இவையெல்லாம் கொடுமையின் குறியல்ல; அச்சத்தின் குறியே. அன்றியும், கையிற் பந்தாய்ச் சுருண்டு அசையாதிருப்பதை அன்பென்றும் அமைதியென்றும் கொள்வோர் உளர். அதுவும் அச்சமே என்பதை மறத்தலாகாது.

வளர்ப்போர் பாம்பின் உயிருக்கு ஊறு விளைப்பது பெரும்பாலும் பரிவு மிகுதியாலேயாம். உண்ணவில்லையே என வருந்தி வாயைத் திறந்து இரையைத் திணிப்பர். பழகட்டும் என நாடோறும் எடுத்துக் கொஞ்சுவர். அச்சம் பெருகுமேயன்றிக் குறையாது. உண்ட இரையையும் கக்கிவிடும். உடல்நலமுள்ள வளர்ந்த பாம்பு திங்கள் சில உண்ணாதிருப்பினும் தாங்கவல்லது. ஆதலின் பட்டினியைவிடத் தொந்தரவே அதற்குத் தீது.

செய்யத்தக்கது யாதெனில், பெட்டியின் ஒருபுறம் 31 அல்லது 32 பாகை செல்ஸியஸ் வெப்பமும், மறுபுறம் 26 பாகை அளவும் அமைத்தல் வேண்டும். இருபுறமும் உடல் நெருங்கி அடங்கத்தக்க இருண்ட மறைவிடமும், என்றும் தூய நீரும் இருத்தல் வேண்டும். மறைவிடம் ஒருபுறம் மட்டும் இருப்பின், வெப்பத்தை விரும்புவதா பாதுகாப்பை விரும்புவதா என்று பாம்பு இடர்ப்படும். முதல் ஒரு வாரம் தொடாதிருந்து, பின்னர் மாலைப்பொழுதில் இரை வைத்துப் பார்க்கலாம். உண்டபின் இரண்டு நாள் கையாளலாகாது. உடல் தொடர்ந்து மெலிதல், வாயிற் சளி நுரைத்தல், மூச்சில் ஓசை எழுதல் ஆகியன நோயின் குறிகள். அவை தோன்றின் கால்நடை மருத்துவரை நாடுக.

நிற்க. நம் இந்திய நாட்டில், காட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்த்தல் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாறானது. எனினும் இவ்வறிவு நமக்கும் பயன்படும். வழிதவறி நம் இல்லம் புகும் பாம்பும் புதிய இடத்தில் அஞ்சி நிற்பதே. அதனை அடிக்கக் கோலெடாது, விலகி நின்று, பிடிக்கத் தெரிந்தோரை அழைத்தலே இருபாலார்க்கும் நலம்.

பெனின் நாட்டு உயிதா நகரில் மலைப்பாம்புக் கோவில் ஒன்றுண்டு. அங்குள்ள பாம்புகள் இரவில் வெளிச்சென்று அயல்வீடுகளிற் புகினும், ஊரார் அவற்றிற்குத் தீங்கிழையாது மீண்டும் கோவிலிற் கொணர்ந்து விடுவர். அவர்தம் வழிபாடு நமக்கு உடன்பாடாகாதிருக்கலாம். அவர்தம் பொறுமையோ நாம் கற்கத்தக்கது. படைக்கப்பட்ட உயிர் ஒவ்வொன்றையும் அதனதன் இயல்பிற்கேற்ப அறிந்து நடத்தலே கல்வியின் பயனாம்.