பொறியியல் படிக்கும் பிள்ளைக்குக் கிணற்று மேடே ஆய்வுக்கூடம்

விவசாயப் பகுதியில் பொறியியல் படிப்பைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. இன்று பொறியியல் கல்லூரிகளில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கின்றனர். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2021ஆம் ஆண்டில் வந்தது. அதன் பிறகு சிறு விவசாயிகளின் பிள்ளைகளுக்கு இந்த வாசல் இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. ஆனால் பிள்ளை உள்ளே போய் என்ன படிக்கிறது, எதற்குப் பணம் கேட்கிறது என்பது பெற்றோர் பலருக்கு விளங்குவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் உழவர் தின விழா ஒன்றில், திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த தக்காளி விவசாயி ஒருவர் மகளுடன் என்னைச் சந்தித்தார். செம்மண் நிலம் இரண்டு ஏக்கர், ஒரு திறந்த கிணறு, சொட்டு நீர்ப்பாசனம். "மக எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருசம் படிக்குதுங்க அய்யா. தானா தண்ணி பாய்ச்சற மெஷின் புராஜெக்ட்டாம். டவுன்ல ஒரு கடையில இருபதாயிரம் கொடுத்தா, மெஷினும் செஞ்சு புத்தகமும் எழுதிக் கையில குடுத்துருவாங்களாம். வீட்டுக்காரி தோட்டை அடகு வைக்கலாம்னு இருக்கேன். வைக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். "மோட்டார் உங்களிடம் இருக்கிறது. குழாய் இருக்கிறது. பயிரும் இருக்கிறது. அந்தப் பெண்ணே செய்யட்டும்" என்றேன். அதன்பின் நடந்ததில் அந்தப் பெண்ணும் கற்றுக்கொண்டார், நானும் கற்றுக்கொண்டேன். அதுவே இக்கட்டுரை.

படிப்பு என்ன சொல்கிறது?

பால் சொசைட்டியில் கொழுப்புப் பார்க்கும் கருவி, ரேஷன் கடையின் மின்னணுத் தராசு ஆகிய இரண்டின் உள்ளேயும் ஒரு சிறு கணினி ஒளிந்திருக்கிறது. ஒரே ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதற்காகக் கருவிக்குள்ளேயே வைத்த கணினி அது. இதைப் பற்றிய படிப்பைத்தான் 'எம்பெடட் எலக்ட்ரானிக்ஸ்' என்கிறார்கள். அந்தச் சில்லுக்கு 'மைக்ரோ கன்ட்ரோலர்' என்று பெயர். இந்தக் கணினிக்குச் சக்கரமும் கையும் பூட்டினால் அது ரோபோ.

இரண்டுக்கும் அடிப்படை மூன்றே வேலைகள்: உணர்தல், முடிவெடுத்தல், செய்தல். விவசாயிக்கு இது புதிதல்ல. மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பது உணர்தல். இன்று தண்ணீர் வேண்டுமா, நாளை போதுமா என்று நினைப்பது முடிவு. மடையைத் திருப்புவது செயல். கருவியில் சென்சார் உணர்கிறது, சில்லு முடிவு செய்கிறது, ரிலே மோட்டாரைப் போடுகிறது.

கல்லூரிகள் பலவற்றில் இன்றும் 1980இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8051 என்னும் சில்லிலிருந்தே பாடம் தொடங்குகிறது. அடிப்படை விளங்க அது நல்லதே. கையால் செய்து பழக எளிதானது ஆர்டுயினோ. இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் இருந்த கல்விக்கூடத்தில், மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் பயன்படுத்தும்படி 2005இல் இது உருவானது. இதன் 'ஊனோ' என்ற பலகை உள்ளங்கை அளவுதான். அதன் நினைவகத்தில் 32 கிலோபைட் அளவுள்ள நிரலே அடங்கும். எனினும் ஒரு கிணற்று மோட்டாரைக் கவனிக்க அது தாராளம்.

கற்கும் வரிசை

முதலில் மல்ட்டி மீட்டர் ஒன்று வாங்கி, மின்னழுத்தமும் தொடர்பும் பார்க்கப் பழக வேண்டும். அடுத்து, ஒரு சிறு விளக்கை எரிய வைத்து அணைக்கும் நிரல். பிறகு ஒரு சென்சாரின் அளவைக் கணினித் திரையில் படிப்பது. அதன்பின் ரிலே. கடைசியில்தான் எல்லாவற்றையும் இணைக்க வேண்டும். இந்தப் படிகளைத் தாண்டி நேரே ரோபோவுக்குப் போகும் மாணவர், ஒரு கம்பி கழன்றாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிடும்.

பலகை, சென்சார், ரிலே, மல்ட்டி மீட்டர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஓரிரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். வாங்கும் முன் கணினித் திரையிலேயே சுற்றுகளை இணைத்துப் பார்க்க டிங்கர்கேட் போன்ற இலவச வசதிகள் உள்ளன. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். மும்பை ஐ.ஐ.டி.யின் இ-யந்திரா திட்டம் 2012 முதல் ரோபோப் போட்டி நடத்தி வருகிறது. தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. இவற்றை விசாரிக்காமல் தனியார் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம்.

வயலில் தேறாத கருவி

அந்தப் பெண் செய்த முதல் கருவி மேசையில் பிரமாதமாக வேலை செய்தது. தொட்டி மண்ணில் சென்சாரைக் குத்தினால் விளக்கு அணையும், பிடுங்கினால் எரியும். வயலில் வைத்ததும் குறைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

முதல் குறை, சென்சார் அரிப்பு. மலிவான சென்சாரில் இரண்டு கால்கள் இருக்கும். ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மண் வழியே மின்சாரம் போகும் அளவை வைத்து ஈரம் கணக்கிடப்படுகிறது. எப்போதும் மின்சாரம் ஓடுவதால் சில வாரங்களிலேயே உலோகப் பூச்சு அரித்துவிடும். மேலும் உப்பு கலந்த ஈரத்தில் மின்சாரம் நன்றாகப் பாயும். எனவே உவர் நிலத்திலும், சொட்டுநீரில் உரம் விட்ட மறுநாளிலும் இந்தச் சென்சார் உள்ளதைவிட ஈரம் அதிகம் என்று காட்டும். மணிக்கு ஒருமுறை, அளவெடுக்கும் சில நொடிகள் மட்டும் மின்சாரம் கொடுத்தால் அரிப்பு வெகுவாகக் குறையும். உலோகம் மண்ணில் படாத 'கெப்பாசிட்டிவ்' வகைச் சென்சார் இன்னும் நல்லது. அதன் பலகை ஓரங்களுக்கு வார்னிஷ் பூசி, மேல் பகுதியில் நீர் புகாமல் மூட வேண்டும்.

இரண்டாவது குறை என்னுடையது. எந்த அளவில் மோட்டார் போட வேண்டும் என்று அவர் கேட்டபோது, எங்கள் பண்ணையின் கரிசல் மண்ணில் எடுத்த அளவைச் சொல்லிவிட்டேன். செம்மண்ணுக்கு அது பொருந்தவில்லை. மண் காய்ந்தும் கருவி மோட்டாரைப் போடவில்லை. இரண்டு நாள் கழித்து விவசாயி பார்த்தபோது செடிகள் வாடி, பூக்கள் உதிரத் தொடங்கியிருந்தன. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கையால் மோட்டாரைப் போட்டுப் பயிரைக் காப்பாற்றினார். முப்பது ஆண்டு விரிவாக்கப் பணியில் இருக்கும் நான், மண்ணுக்கு மண் அளவு மாறும் என்பதை மறந்திருக்கக் கூடாது.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். நாள்தோறும் காலையில் தந்தை மண்ணை உருட்டிப் பார்த்து 'காய்ச்சல்', 'பதம்', 'சேறு' என்று சொல்வார். மகள் அதே நேரத்துச் சென்சார் எண்ணைப் பக்கத்தில் எழுதுவார். மூன்று வாரத்தில் அந்த மண்ணுக்குரிய எண்கள் கிடைத்தன. எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத எண்கள் அவை.

மூன்றாவது குறை, மோட்டார் அடிக்கடி ஓடி நிற்பது. போடுவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே எண்ணை வைத்தால், ஈரம் அந்த எண்ணுக்கு மேலும் கீழும் அசையும்போதெல்லாம் மோட்டார் கிளம்பி நிற்கும், விரைவில் பழுதாகும். காய்ந்தால் போட ஓர் எண், நன்கு நனைந்தால் நிறுத்த வேறோர் எண் என்று இடைவெளி விட வேண்டும். மின்சாரம் போய் வந்தாலும் உடனே கிளம்பாமல் சில நிமிடம் பொறுக்கும்படி நிரல் எழுத வேண்டும்.

நான்காவது குறைதான் பெரிது. ஒரு நாள் கிணற்றில் தண்ணீர் வற்றியது கருவிக்குத் தெரியவில்லை. மோட்டார் வெற்றாக ஓடியது. சத்தம் மாறியதைக் கேட்டு விவசாயி ஓடிப் போய் நிறுத்தினார். அன்று அவர் வீட்டில் இல்லாதிருந்தால் மோட்டார் பழுதாகி, மிச்சப்படுத்திய பணம் அதற்கே போயிருக்கும். மறுநாளே கிணற்றில் மிதவை சுவிட்ச் இறக்கப்பட்டது.

உயிருக்கு எச்சரிக்கை

மாணவர்கள் பழகுவது 5 வோல்ட் மின்சாரத்தில். கிணற்று மேட்டில் இருப்பது 415 வோல்ட் மும்முனை மின்சாரம். இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

சிறு ரிலேயின் மேல் '10 ஆம்பியர், 250 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கும். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 7 முதல் 8 ஆம்பியர் இழுக்கும்; கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு. எனவே ரிலே வழியாக மோட்டாரை ஒருபோதும் நேரடியாக ஓட்டக் கூடாது. ஸ்டார்ட்டரின் காயிலை இயக்குவதே கருவியின் வேலை. பம்புசெட் ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் அந்தக் காயிலே 415 வோல்ட்டில் இயங்கும். 250 வோல்ட் ரிலே அதற்கும் போதாது. தகுந்த கான்டாக்டரை இடையில் வைக்க வேண்டும். இந்த இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்ய வேண்டும். ஒரு முனை மின்சாரம் வராதபோது மோட்டாரை நிறுத்தும் தடுப்புச் சாதனத்தையும், அதிகச் சுமைப் பாதுகாப்பையும் எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. ஈரக் கையுடன், வெறுங்காலுடன் பெட்டியைத் திறக்கக் கூடாது.

ரோபோ நம் வயலுக்கு வருமா?

மாணவர்கள் முதலில் செய்யும் ரோபோ, தரையில் வரைந்த கறுப்புக் கோட்டின் மேல் ஓடும் சிறு வண்டி. அகச்சிவப்புக் கதிரைத் தரையில் அடித்து, அது திரும்புகிறதா என்று பார்த்துக் கோட்டை அறிகிறது. வெயிலிலும் அதே அகச்சிவப்புக் கதிர் உண்டு. ஆகவே ஆய்வுக்கூடத்தில் ஓடும் வண்டி வெட்டவெளியில் கண் கூசித் தடுமாறும். பாரும் சாலுமான நிலத்தில் சக்கரம் புதையும். களையையும் பயிரையும் பிரித்தறியக் கேமராவும் பெரிய கணினியும் வேண்டும். இரண்டு ஏக்கர் விவசாயி இன்று கடன்பட்டு வாங்க வேண்டிய பொருள் அதுவல்ல.

ஆனால் மனிதர் இறங்கக் கூடாத இடத்தில் ரோபோவுக்கு வேலை உண்டு. கேரளத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள் சேர்ந்து, பாதாளச் சாக்கடையில் ஆள் இறங்காமல் சுத்தம் செய்யும் ரோபோ ஒன்றை உருவாக்கினார்கள். அது 2018இல் திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது. பூச்சி மருந்து தெளிப்பது, தென்னை ஏறுவது, நள்ளிரவில் பாம்பு கிடக்கும் வரப்பில் நடந்து மோட்டார் போடப் போவது போன்ற ஆபத்தான வேலைகளை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெற்றோர் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

பிள்ளை ஒரு கருவியைக் கொண்டு வந்தால் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள். இதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

1. கருவி காட்டும் அளவு நம் மண்ணில் சரிபார்த்ததா?

2. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் என்ன செய்யும்?

3. சென்சார் கம்பியை எலி கடித்தால் என்ன ஆகும்? சில சென்சார்களில் கம்பி அறுந்தாலும் 'மண் காய்ந்திருக்கிறது' என்றே காட்டும். மோட்டார் நிற்காமல் ஓடும். இத்தனை நேரத்துக்கு மேல் ஓடக் கூடாது என்ற வரம்பு நிரலில் இருக்க வேண்டும்.

4. கருவி கெட்டால் பழையபடி கையால் மோட்டாரைப் போட வழி உண்டா?

5. இதை நீயே பிரித்து மாட்டிக் காட்டுவாயா?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அது காசு கொடுத்து வாங்கிய படிப்பு என்று அறியலாம்.

செல்போனால் மோட்டார் இயக்கும் தயாரான கருவி வேண்டுவோர், மானிய விவரத்தை அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். கருவி வாங்குவது வேறு. பிள்ளை கற்றுக்கொள்வது வேறு.

அந்தப் பெண்ணின் தேர்வன்று, சென்சாருக்கு மணிக்கு ஒருமுறை மட்டும் மின்சாரம் கொடுப்பது ஏன் என்று தேர்வாளர் கேட்டாராம். அரித்துப்போன பழைய சென்சாரைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறார். நோட்டுப் புத்தகத்தையும் காட்டியிருக்கிறார். தோடு அடகுக்குப் போகவில்லை.

ஆகவே விவசாய அன்பர்களே, பொறியியல் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது கிணற்று மேட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். மோட்டார் சத்தம் மாறினால் என்ன பொருள், மண் உருண்டை உடைந்தால் என்ன பொருள் என்று சொல்லிக் கொடுங்கள். சில்லும் நிரலும் கல்லூரியில் கிடைக்கும். எதைச் செய்ய வேண்டும் என்ற கேள்வி உங்கள் வயலில்தான் இருக்கிறது.